உம்மாவின் நேரசூசி

உயர்தர வகுப்புக்கு வந்த முதல் மாதத்திலேயே எமது வகுப்பாசிரியை எங்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு தாள் தந்தார். இடப்பக்கம் நேரமும் மேற்பக்கம் வாரத்தின் ஏழு நாட்களும் குறிக்கப்பட்டிருந்தன. மற்றவை வெற்றுக் கட்டங்கள். "வீட்டில் எப்போது, எந்தப் பாடத்தைப் படிக்கப் போகிறீர்கள் என்று எழுதுங்கள். பெற்றோரிடம் கையொப்பம் வாங்கி வாருங்கள்" என்றார்.

அன்றிரவு நான் மூன்று நிறப் பேனைகளை எடுத்துக்கொண்டு அமர்ந்தேன். பி.ப. 2.30 முதல் 4.00 வரை கணக்கீடு. 4.30 முதல் 6.00 வரை பொருளியல். மஃரிபுக்குப் பின் வணிகக் கல்வி. இஷாவுக்குப் பின் கடந்தகால வினாத்தாள்கள். பார்ப்பதற்கு மிக அழகாக இருந்தது. வாப்பா கையொப்பமிட்டார். ஆசிரியையும் பாராட்டினார். அதை என் மேசைக்கு மேலே சுவரில் ஒட்டினேன்.

அந்த வாரம் அதில் எழுதியிருந்தவற்றுள் ஒன்றுகூட நடக்கவில்லை. அடுத்த வாரமும் நடக்கவில்லை. காரணம் எளிது. பி.ப. 2.30க்கு என் கையில் இருப்பது கணக்கீட்டுப் புத்தகம் அல்ல, எங்கள் கடைக்குட்டி. அவளுக்கு வயது ஒன்றேகால்.

எங்கள் வீடு களுபோவிலையில், வைத்தியசாலைக்குப் போகும் வீதியிலிருந்து பிரியும் ஓர் ஒழுங்கையில், மூன்றாம் மாடியில் இருக்கிறது. இரண்டு அறைகள். பிள்ளைகள் ஐந்து பேர். மூத்தவள் நான். அடுத்தவன் தம்பி, ஒன்பதாம் தரத்தில் படிக்கிறான். அவனுக்குப் பின் தங்கை, நான்காம் தரம். அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை. நான்கரை வயதுச் சின்னத்தம்பி முன்பள்ளிக்குப் போகிறான். கடைசியாக, அம்பியுலன்ஸ் சத்தம் கேட்டால் எந்த நேரமும் விழித்துக்கொள்ளும் கடைக்குட்டி. வைத்தியசாலைக்கு அருகில் குடியிருப்பவர்களுக்கு அது எத்தனை தடவை என்று தெரியும். வாப்பா புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறார். காலை ஏழரைக்குப் போனால் இரவு எட்டு மணிக்கு வருவார்.

இதை எங்கள் வீட்டுக் கதையாக மட்டும் நான் எழுதவில்லை. என் வகுப்பில் வீட்டுக்கு மூத்த பெண்பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். "நேத்து ஏன் பாடம் செய்யல்ல?" என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வார்கள். "தம்பிக்குக் காய்ச்சல், நான் தூக்கிக்கொண்டு இருந்தேன்" என்று சொன்னால் அது ஒரு சாட்டாகத் தோன்றிவிடுமோ என்று பயப்படுவார்கள். சின்னப் பிள்ளைகள் நிறைந்த வீட்டில் ஒரு நாள் எப்படி நடக்கிறது, அதை யார் நடத்துகிறார்கள் என்பதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. பேச வேண்டும் என்பதே என் கருத்து.

ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. முதலாம் தவணைப் பரீட்சைக்கு முந்தின நாள், நான் ஒழு செய்யப் போயிருந்த நேரத்தில் சின்னத்தம்பி என் கணக்கீட்டுக் குறிப்புக் கொப்பியை எடுத்து, நான்கு பக்கங்களில் நீல நிறப் பேனையால் பஸ் வரைந்திருந்தான். நான் அவனை அடித்துவிட்டேன். ஓங்கித்தான் அடித்தேன். அவன் அழவில்லை. கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டான். நான்தான் அழுதேன்.

உம்மா என்னை ஏசவில்லை. கடைக்குட்டியைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே என் பக்கத்தில் வந்து அமர்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "மகள், நீங்க ஒரு தடவ கோபப்பட்டுட்டீங்க. நான் ஒரு நாளைக்கு எத்தன தடவ கோபப்படாம ஈக்கிறேன் எண்டு உங்களுக்குத் தெரியுமா?"

அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. உம்மா சமைக்கிறார், துவைக்கிறார், ஊட்டுகிறார் என்பதை நான் தினமும் பார்க்கிறேன். ஆனால் கோபப்படாமல் இருப்பதும் ஒரு வேலை என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. ஒரே கேள்வியைப் பன்னிரண்டாவது தடவை கேட்கும் பிள்ளைக்குப் பன்னிரண்டாவது தடவையும் பதில் சொல்வது, கொட்டிய பாலைத் துடைத்துவிட்டு மறுபடியும் அதே கோப்பையில் பால் ஊற்றிக் கொடுப்பது, இவற்றுக்கெல்லாம் உடல் பலத்தைவிட மனப்பலம் வேண்டும். களைத்துப்போனவரிடம் அந்தப் பலம் குறைந்துவிடும். அன்று என்னிடம் குறைந்தது. ஆனால் நான் அடுத்த நாள் பாடசாலைக்குப் போய்விடலாம். உம்மாவுக்குப் போவதற்கு இடமில்லை.

அடுத்த நாள் இன்னொரு வெற்றுத் தாளில் அதே கட்டங்களை வரைந்தேன். இம்முறை அது உம்மாவுக்கு. ஒரு வாரம் அவர் செய்வதைப் பார்த்துப் பார்த்து நிரப்பினேன். பாடசாலையில் இருக்கும் நேரத்துக்குரியதை அவரிடமே கேட்டு எழுதினேன்.

காலை 4.30க்கு எழும்புவார். சுபஹ் தொழுதுவிட்டுத் தேங்காய் துருவுவார். பாணும் பருப்பும் சம்பலும், அல்லது முதல் நாள் ஊறவைத்த கடலை. மூன்று சாப்பாட்டுப் பெட்டிகள், நான்கு தண்ணீர்ப் போத்தல்கள். 5.45க்குக் கடைக்குட்டி எழும்பிவிடுவாள். அதன் பிறகு எல்லா வேலையும் ஒரு கையால். 6.20க்கு ஸ்கூல் வேன். எட்டு மணிக்குச் சின்னத்தம்பியை ஒரு கையில் பிடித்து, கடைக்குட்டியை இடுப்பில் வைத்து, மூன்று மாடி இறங்கி முன்பள்ளிக்கு. திரும்பி வந்து துவைத்தல், கூட்டுதல், சமைத்தல். 11.30க்கு மறுபடியும் மூன்று மாடி இறக்கம், மூன்று மாடி ஏற்றம். லுஹர். குளிப்பாட்டல். ஊட்டல். இரண்டு மணிக்கு நாங்கள் பசியோடு வருவோம். தங்கையை நான்கு மணிக்குக் குர்ஆன் மத்ரஸாவுக்கு அனுப்ப வேண்டும். மஃரிபுக்குப் பின் அவளது வீட்டுப்பாடம். இரவுச் சாப்பாடு. வாப்பா வந்ததும் அவருக்குச் சாப்பாடு. அடுத்த நாள் உடுப்புகளை அயர்ன் பண்ணுதல். 10.30க்குப் படுக்கை. இரவு ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் கடைக்குட்டி பால் கேட்டு எழும்புவாள்.

4.30 முதல் 10.30 வரை 18 மணித்தியாலங்கள். தொழுகை நேரத்தைத் தவிர அந்தத் தாளில் நான் வெறுமையாக விட முடிந்தது ஒரே ஒரு கட்டம். அஸருக்குப் பின் தேநீர் குடிக்கும் இருபது நிமிடம். அதையும் அவர் குசினியில் நின்றுகொண்டுதான் குடிக்கிறார்.

பிறகு என்னுடைய உண்மையான நேரசூசியையும் எழுதினேன். சுவரில் ஒட்டியது அல்ல, நடப்பது. 2.30 முதல் 6.00 வரை கடைக்குட்டி என் பொறுப்பு. பாடசாலை நாட்கள் ஐந்துக்கும் சேர்த்து வாரத்துக்குப் பதினேழரை மணித்தியாலம். கடைசியாகத் தம்பியின் தாள். பாடசாலை, டியூஷன், மைதானத்தில் கிரிக்கெட், கைத்தொலைபேசி. சின்னப் பிள்ளைகளைப் பார்ப்பதற்கு: பூச்சியம்.

நான் வர்த்தகப் பிரிவு மாணவி. கணக்கீட்டில் முதலில் கற்றுத்தருவது இரட்டைப் பதிவு. ஒரு கணக்கில் ஒரு தொகை வரவு வைக்கப்பட்டால் இன்னொரு கணக்கில் அதே தொகை செலவு வைக்கப்பட்டிருக்க வேண்டும். மூன்று தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது எனக்கு அதுதான் தோன்றியது. நான் நிறப் பேனையால் எழுதிய அழகான படிப்பு நேரம் எங்கிருந்து வந்திருக்கும்? நான் கடைக்குட்டியைத் தூக்காத ஒவ்வொரு மணித்தியாலமும் உம்மாவின் கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கும். அந்தத் தாளில் கட்டமே மிச்சமில்லை. ஆகவே "மகளைப் படிக்க விடுங்கள்" என்று மட்டும் சொல்வது பாதிக் கணக்கு. மகள் விடும் வேலையை யார் எடுப்பது என்று எழுதாவிட்டால் அந்தக் கணக்கு சமப்படாது.

பொருளியல் பாடத்தில் இன்னொன்று படித்தோம். ஒரு நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியைக் கணிக்கும்போது வீட்டில் சம்பளமின்றிச் செய்யப்படும் வேலைகள் சேர்க்கப்படுவதில்லை. இங்கிலாந்தின் பொருளியலாளர் பிகூ 1920இல் வெளிவந்த தன் நூலில் இதிலுள்ள வேடிக்கையைச் சுட்டிக்காட்டினார். சம்பளத்துக்கு வேலை செய்யும் வீட்டுப் பணிப்பெண்ணை அந்த வீட்டுக்காரர் திருமணம் செய்துகொண்டால் நாட்டின் வருமானம் குறைந்துவிடும். வேலை அதேதான். செய்பவரும் அவரேதான். சம்பளம் நின்றதால் கணக்கிலிருந்து வேலையே மறைந்துவிடுகிறது.

இலங்கையில் 15 வயதுக்கு மேற்பட்டோரைத் தொழிற்படையில் உள்ளவர்கள், பொருளாதார ரீதியாகச் செயற்பாடற்றவர்கள் என்று இரண்டாகப் பிரிக்கிறார்கள். எமது நாட்டுப் பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே தொழிற்படையில் உள்ளனர். ஏனையோரில் பெரும்பாலானோர் அதற்குச் சொல்லும் காரணம் வீட்டு வேலை. அந்த வகைப்படுத்தலின்படி 18 மணித்தியாலம் நிற்கும் என் உம்மா "செயற்பாடற்றவர்". புள்ளிவிபரவியலுக்கு அந்தச் சொல் தேவைப்படலாம். ஆனால் வீட்டுக்கு வரும் விருந்தினரும் அதையேதான் சொல்கிறார்கள்: "நீங்க வீட்ட சும்மாதானே ஈக்கிறீங்க." நல்ல வேளையாக, தொகைமதிப்பு புள்ளிவிபரவியல் திணைக்களம் 2017இல் முதல் தடவையாக நாடளாவிய நேரப் பயன்பாட்டு ஆய்வொன்றை நடத்தியது. சம்பளமில்லாத வீட்டு வேலையிலும் பராமரிப்பிலும் ஆண்களைவிடப் பெண்கள் மிக அதிகமான நேரத்தைச் செலவிடுகிறார்கள் என்பதை அது எண்களில் காட்டியது. நான் ஒரு தாளில் வரைந்ததை அரசாங்கம் நாடு முழுவதற்கும் வரைந்திருக்கிறது என்று அறிந்தபோது, நான் மிகைப்படுத்தவில்லை என்ற தைரியம் வந்தது.

சட்டமும் இந்த வேலையைத் தாயின் வேலையாகத்தான் பார்க்கிறது. தொழில் செய்யும் தாய்க்கு 84 நாள் பிரசவ விடுமுறை உண்டு. முன்னர் தனியார் துறையில் மூன்றாவது பிள்ளையிலிருந்து அது பாதியாகக் குறைந்துவிடும். 2018இல் செய்யப்பட்ட திருத்தத்தின் பின் எத்தனையாவது பிள்ளையாக இருந்தாலும் 84 நாள்தான். இது நல்ல மாற்றம். ஆனால் தந்தைக்கு? அரச ஊழியருக்கு மூன்று நாள். தனியார் துறையில் சட்டப்படி அதுவும் இல்லை. கடைக்குட்டி பிறந்தபோது வாப்பாவுக்குக் கிடைத்தது ஒன்றரை நாள். மூன்றாம் நாள் அவர் கடையில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கும் பிள்ளையின் முகம் பார்க்க ஆசை இருந்திருக்கும்தானே?

"எங்கட காலத்தில எட்டுப் புள்ள வளத்தோம், இப்ப அஞ்சுக்கே இந்தப் பாடா?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். என் உம்மும்மாவும் கேட்டார். அவர் எட்டுப் பேரை வளர்த்தது உண்மை. ஆனால் அவர் வாழ்ந்தது மருதானையில் ஒரு பழைய வீட்டில். முன்னறையில் மாமியார், பின்னறையில் மச்சி, மதிலுக்கு அப்பால் சாச்சி. அழுகிற பிள்ளையை மதிலுக்கு மேலால் கொடுத்துவிட்டுச் சோற்றை வடித்திருக்கிறார். பிள்ளைகள் ஒழுங்கையில் விளையாடினார்கள். எங்கள் மூன்றாம் மாடியில் கதவை மூடினால் உம்மா தனி. முன்பு வாரத்தில் மூன்று நாள் உதவிக்கு ஒருவர் வந்துகொண்டிருந்தார். 2022இல் பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற காலத்தில், விலைவாசி ஏறிய ஏற்றத்தில், அவரை நிறுத்த வேண்டியதாயிற்று. பிள்ளைகளின் தொகை உம்மும்மா காலத்தைவிடக் குறைந்திருக்கிறது. கைகளின் தொகை அதைவிட வேகமாகக் குறைந்துவிட்டது.

இன்னொரு கேள்வியும் வரும். பஸ்ஸில் எங்கள் ஐந்து பேரையும் விரல் விட்டு எண்ணுபவர்களின் பார்வையில் அந்தக் கேள்வி இருக்கும்: "ஏன் இத்தனை பிள்ளைகள்?" என் பதில் இதுதான். எங்கள் வீட்டில் ஒருவர்கூட மிகை இல்லை. பஸ் வரைந்த சின்னத்தம்பி அன்றிரவு கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்து, தன்னுடைய அழிறப்பரை என் கொப்பியின் மேல் வைத்துவிட்டுப் போனான். அவனில்லாத வீட்டை என்னால் நினைக்க முடியாது. பிள்ளைகள் அல்லாஹ் தந்த அமானிதம் என்று நாம் நம்புகிறோம். அமானிதத்தை ஒரு குடும்பத்துக்குத் தந்திருக்கும்போது, அதை ஒருவர் தலையில் மட்டும் ஏற்றிவைப்பது சரியா என்பதுதான் நான் கேட்பது.

"பொம்புளப் புள்ள, இதெல்லாம் பழகத்தானே வேணும்" என்பது அடுத்த வாதம். இதில் உண்மை இருக்கிறது. காய்ச்சல் வந்த பிள்ளையின் உடம்பை எப்படித் துடைப்பது, எந்த அழுகை பசி, எந்த அழுகை தூக்கம், மருத்துவமாது தரும் பதிவேட்டில் நிறையின் கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று எப்படிப் பார்ப்பது, எல்லாம் எனக்குத் தெரியும். இதைக் கற்றதில் எனக்கு வருத்தம் இல்லை, பெருமைதான். ஆனால் இவ்வளவு நல்ல கல்வி என்றால் அதைத் தம்பிக்கு ஏன் மறுக்கிறோம்? நான் நாளை தாயாகலாம். அவன் நாளை வாப்பாவாக மாட்டானா?

அவனைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அவன் மோசமான பிள்ளை அல்ல. அவனிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். நான் பதினோரு வயதில் தங்கையைத் தூக்கி நடந்தேன். அவன் பதினான்கு வயதிலும் கடைக்குட்டியைத் தூக்கினால் "பாத்து, பாத்து, போட்டுருவாய்" என்று நாங்களே வாங்கிக்கொள்கிறோம்.

மார்க்கத்தைக் காரணம் காட்டுபவர்களுக்கு நம் மார்க்கமே பதில் சொல்கிறது. நபி (ஸல்) அவர்கள் தம் பேத்தி உமாமாவைத் தோளில் சுமந்தபடி தொழுதிருக்கிறார்கள். ஸுஜூதின்போது இறக்கி வைத்து, எழும்பும்போது மறுபடியும் தூக்கிக்கொண்டார்கள். இது ஸஹீஹான கிரந்தங்களில் பதிவான செய்தி. வீட்டில் என்ன செய்வார்கள் என்று ஆயிஷா (ரழி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுவிடுவார்கள் என்றே கூறினார்கள். தனக்குப் பத்துப் பிள்ளைகள் இருந்தும் ஒருவரைக்கூட முத்தமிட்டதில்லை என்று சொன்ன அக்ரஃ என்பவருக்கு, இரக்கம் காட்டாதவர் இரக்கம் காட்டப்படமாட்டார் என்று பதில் கிடைத்தது. சூரத்துல் பகராவின் 233ஆவது வசனம், பிள்ளைக்குப் பால்குடி மறக்கச் செய்வதைக்கூடப் பெற்றோர் இருவரும் மனமொத்து, ஆலோசித்துத் தீர்மானிக்கும் விடயமாகச் சொல்கிறது. குழந்தை வளர்ப்பு ஆணின் கௌரவத்துக்குக் குறைவு என்பது இந்தச் செய்திகளில் எங்கும் இல்லை. அது ஊர்வழக்கு.

மூன்று தாள்களையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு வாப்பாவிடம் காட்டினேன். பயந்துகொண்டுதான் காட்டினேன். உம்மா "இதெல்லாம் ஏன் மகள்?" என்று தடுத்தார். வாப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உம்மாவின் தாளை நீண்ட நேரம் பார்த்தார். கடையில் இருப்புக் கணக்குப் பார்ப்பவர் அவர். ஒவ்வொரு கட்டமாக விரலை வைத்துக்கொண்டு போனார். கடைசியில், "ஒரு மணிக்கும் மூணு மணிக்கும் எழும்புறதா? எனக்குத் தெரியாதே" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே தெரியாது. களைத்து வந்து தூங்குபவருக்குக் கேட்பதில்லை. உம்மா எழுப்புவதுமில்லை. அன்பினால்தான் எழுப்பவில்லை. ஆனால் அந்த அன்பே வாப்பாவைத் தன் பிள்ளையின் இரவுகளிலிருந்து வெளியே நிறுத்திவிட்டது.

அன்று நாங்கள் ஒரு புதிய நேரசூசி எழுதினோம். காலையில் தண்ணீர்ப் போத்தலும் சாப்பாட்டுப் பெட்டியும் வாப்பாவின் வேலை. வெள்ளி இரவும் சனி இரவும் கடைக்குட்டி எழும்பினால் அவர் எழும்புவார். தம்பி கிழமையில் மூன்று நாள் நான்கரை முதல் ஐந்தரை வரை சின்னவர்கள் இருவரையும் பார்ப்பான். சின்னத்தம்பியைக் குளிப்பாட்டுவது தினமும் அவன் பொறுப்பு. தங்கை விளையாட்டுப் பொருட்களைப் பொறுக்கி வைப்பாள். அவளும் ஒரு பெண்பிள்ளை என்பதால் அவள் தலையில் அதற்கு மேல் ஏற்றக்கூடாது என்று நானே சொன்னேன். எனக்கு அந்த மூன்று மணித்தியாலமும், மஃரிபுக்குப் பின் கதவை மூடிக்கொள்ளும் உரிமையும். ஞாயிறு காலை 9 முதல் 11 வரை உம்மாவுக்கு வேலை இல்லை.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். முதல் வாரம் தம்பி பெம்பர்ஸை முன்பின்னாகக் கட்டினான். கடைக்குட்டி கதிரையில் நெற்றியை முட்டிக்கொண்டாள். உம்மா மூன்று தடவை "கொண்டாங்க, நானே பாக்கிறேன்" என்று வாங்கப் போனார். மகன்மாரைப் பெற்ற உம்மாமாருக்கு என் பணிவான வேண்டுகோள் இது: வாங்காதீர்கள். நானும் பழகும்போது அவள் முட்டிக்கொண்டாள். அப்போது யாரும் என்னிடமிருந்து வாங்கவில்லை.

இரண்டாம் வாரம் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், "என்ன, ஆம்புளப் புள்ளட கையில புள்ளயக் குடுத்தீக்கிறீங்க?" என்று கேட்டார். மைதானத்தில் கூட்டாளிமார் தம்பியை "ஆயா" என்று கூப்பிட்டார்கள். அவன் ஒரு வாரம் தங்கையைத் தொடவே இல்லை. நான் கோபப்பட்டேன், தர்க்கித்தேன், பயன் கிடைக்கவில்லை. அடுத்த ஞாயிறு வாப்பா கடைக்குட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு மைதானத்துக்கே போனார். ஒரு மணித்தியாலம் அங்கே உட்கார்ந்து, அவளுக்கு பிஸ்கட் ஊட்டிக்கொண்டே கிரிக்கெட் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அதன் பிறகு அந்தப் பெயர் கேட்கவில்லை. ஒரு தாத்தா நூறு தடவை சொல்லி நடக்காதது, ஒரு வாப்பா ஒரு தடவை செய்து காட்டினால் நடந்துவிடுகிறது. ஆகவே வாப்பாமாரே, உங்களிடம் நாங்கள் கேட்பது பணமும் நேரமும் மட்டுமல்ல. உங்கள் மகன்மார் பார்க்கும் இடத்தில் செய்யுங்கள்.

பொருளியலில் 'அமையச் செலவு' என்று ஒன்று உண்டு. ஒன்றைத் தெரிவு செய்யும்போது நாம் கைவிடும் மற்றொன்றுதான் அதன் உண்மையான விலை. என் உம்மா சாதாரண தரத்தில் கணிதத்தில் திறமைச் சித்தி பெற்றவர். அவரும் வீட்டுக்கு மூத்த பெண். உயர்தரத்துக்குப் போன வருடம் அவரது கடைசித் தம்பி பிறந்தார். உம்மும்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. உம்மா நின்றுவிட்டார். இதை அவர் ஒரு குறையாக ஒருநாளும் சொன்னதில்லை. நேரசூசி எழுதிய அன்றுதான், நான் கேட்டதால், சொன்னார். 1946இல் கொழும்பில் முஸ்லிம் மகளிர் கல்லூரி தொடங்கியதிலிருந்து நம் சமூகம் பெண்பிள்ளைகளுக்காகப் பாடசாலைகளைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறது. பெண்பிள்ளை வாசலைத் தாண்டிப் படிக்கப் போகலாம் என்பதை நம் பெற்றோர் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அல்ஹம்துலில்லாஹ். இனி, படித்துவிட்டு வாசலுக்குள் வந்ததும் அவளுக்கு ஒரு மேசையும் இரண்டு மணித்தியாலமும் வேண்டும் என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்டது. பிள்ளை வளர்ப்பில் தாய் தந்தை இருவருக்கும் பொதுவான பொறுப்பு உண்டு என்று அதன் 18ஆம் உறுப்புரை சொல்கிறது. பிள்ளைக்கு ஓய்வுக்கும் விளையாட்டுக்கும் உரிமை உண்டு என்று 31ஆம் உறுப்புரை சொல்கிறது. அந்தச் சமவாயத்தின்படி 18 வயதுக்குக் குறைந்த எவரும் பிள்ளைதான். அதாவது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டிருக்கும் பதினேழு வயதுக்காரியும் ஒரு பிள்ளை.

இரண்டாம் தவணையில் எனக்கு முதலாம் இடம் கிடைக்கவில்லை. கணக்கீட்டில் ஒரு படி ஏறினேன், அவ்வளவுதான். தம்பி இன்னும் சில நாட்களில் மறந்ததுபோல் நடிக்கிறான். ஆனால் இப்போது கடைக்குட்டி விழுந்தால் என்னிடமும் உம்மாவிடமும் மட்டுமல்ல, அவனிடமும் ஓடுகிறாள். அவளைத் தூக்கும்போது அவன் முகத்தில் வரும் சிரிப்பை யாரும் அவனுக்குக் கட்டாயப்படுத்தவில்லை.

சகோதரிகளே, இந்த விடுமுறையில் ஒரு தாளை எடுத்து உங்கள் உம்மாவின் நேரசூசியை எழுதிப் பாருங்கள். சண்டை பிடிப்பதற்காக அல்ல. எழுதும் வரை அது யாருக்கும் தெரிவதில்லை, நமக்கும்கூட. பெற்றோர்களே, பிள்ளையின் படிப்பு நேரசூசியில் கையொப்பமிடும் முன், அந்த நேரம் யாருடைய நேரத்திலிருந்து எடுக்கப்படுகிறது என்று ஒரு தடவை கேளுங்கள்.

முதலாவது ஞாயிறு கிடைத்த இரண்டு மணித்தியாலத்தில் உம்மா தூங்கினார். இரண்டாவது ஞாயிறும் தூங்கினார். நான்காவது ஞாயிறு தனியாக வெள்ளவத்தைக்குப் போய்த் தன் தங்கையைப் பார்த்துவிட்டு வந்தார். "புள்ள இல்லாம பஸ்ஸில ஏறினா, கைய எங்க வைக்கிறது எண்டே தெரியல்ல" என்று சொல்லிச் சிரித்தார்.

என் மேசைக்கு மேலே இப்போது இரண்டு நேரசூசிகள் இருக்கின்றன. ஒன்று என்னுடையது, ஒன்று உம்மாவுடையது. இரண்டிலும் வாப்பாவின் கையொப்பம் உண்டு. உம்மாவின் தாளில் ஞாயிறு 9 முதல் 11 வரையிலான கட்டம் வெறுமையாக இருக்கிறது. அதில் யாரும் எதையும் எழுதக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.